நாற்பத்தேழாம் நம்பர் வாசல்

சந்தேகமே வேண்டாம் அம்மா, அந்தப் படத்தில் நிற்பது நான்தான். நீங்கள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். படத்தில் கொஞ்சம் நிறமாகத் தெரிகிறேன், அதுதான் குழப்பம். அது தெர்மாகோல் செய்த வேலை, சொல்கிறேன். உட்காருங்கள். இந்த பெஞ்சு கண்காட்சியில் படம் பார்க்க வருகிறவர்களுக்காகப் போட்டதாம், வாசலில் இருக்கிற காவல்காரர் சொன்னார். அவர் முதலில் என்னை உள்ளே விடவில்லை. என் முகத்தை உள்ளே மாட்டிவிட்டு என்னை வெளியே நிறுத்தினால் என்ன நியாயம் என்று கேட்டேன். அப்புறம் விட்டார்.

எனக்கு இங்கே படம் பார்க்கிற வேலை இல்லை. இந்தப் படங்களை எல்லாம் எடுத்த பெண், சுபத்ரா என்று பெயர், நாலு மணிக்கு வருவாளாம். அவளிடம் ஒரு கடுதாசி எழுதி வாங்க வேண்டும். நாளைக்குள் அதை ஹவுசிங் போர்டு ஆபீசில் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் என் வீடு போயிற்று. ஆமாம், வீடு. இந்தப் படத்தால் போன வீடு.

படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறதே, படித்தீர்களா? நான் ஆறாவதோடு நின்றவள், ஆனாலும் தமிழ் நன்றாகப் படிப்பேன். ‘அம்சவேணி, நாற்பத்தேழாம் எண் தகர வீட்டில் குடியிருப்பவர்.’ அம்சவேணி சரி. நாற்பத்தேழு சரியில்லை. என் நம்பர் முப்பத்தொன்று.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். எங்கள் சாயக்காரத் தோட்டத்தில் மூன்று மாடி போர்டு வீடுகள் இருந்தன. கூரை பெயர்ந்து சோற்றுத் தட்டில் விழ ஆரம்பித்ததும், இதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தருகிறோம், பதினெட்டு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எதிரே மைதானத்தில் தகரத்தில் அறை அறையாக அடித்து எங்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். செட்டு என்போம். ஒவ்வொரு கதவிலும் பெயின்டில் ஒரு நம்பர். பதினெட்டு மாதம் என்றது நாலு வருஷம் ஆகிவிட்டது. வெயில் காலத்தில் உள்ளே இருந்தால் நாமே அப்பளம்.

நான் அங்கே எதையும் பிரிக்கவில்லை அம்மா. வந்த அன்றைக்குக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்த பதினோரு அட்டைப்பெட்டியும் கட்டியது கட்டியபடி. ஒரு குக்கர், இரண்டு தட்டு, என் தையல் மெஷின், இவ்வளவுதான் வெளியே. எதற்குப் பிரிக்க வேண்டும்? அடுத்த மாதம் போகப்போகிற இடம். ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் போகப்போகிற இடம்தானே? மழை பெய்தால் பெட்டிகளைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு நான் கீழே உட்கார்ந்திருப்பேன். பெட்டி நனைந்தால் புது வீட்டுக்குக் கொண்டுபோக என்ன இருக்கும்?

நாற்பத்தேழில் இருக்கிறவள் பிலோமினா. அவள் புருஷன் அந்தோணி டைல்ஸ் ஒட்டுகிறவன். வேலை செய்கிற வீடுகளில் மிச்சம் விழுகிற உடைசல்களைக் கொண்டுவந்து, செட்டு வாசலில் ஒட்டிவிட்டான். நீலம் ஒன்று, வெள்ளை ஒன்று, மரக்கலர் ஒன்று, ஒன்றுக்கொன்று சேரவே சேராது. கதவுக்குக் கிளிப்பச்சை. பெயின்ட் டப்பாவில் கறிவேப்பிலைச் செடி. இரண்டு பிள்ளைகளும் அந்த டைல்சில் உட்கார்ந்துதான் படிக்கும். காலி செய்யப் போகிற தகரத்துக்கு டைல்ஸ் ஒட்டுகிறவளை என்ன சொல்வது? நான் முகத்துக்கு நேரே கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, “நாலு நாள் இருந்தாலும் நடக்கிறது என் காலுதானே அம்சா” என்றாள். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரு கிண்ணம் குழம்பு அனுப்புவாள். நான் கேட்டதே இல்லை. உப்பு எப்போதும் ஒரு கல் கூட. கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க முடியுமா? அதற்காக அவள் சேலைகளுக்கு நான் ஃபால்ஸ் அடித்துக் கொடுக்கிறேன். கணக்குப் போட்டுத்தான் அனுப்புகிறாள் என்று எனக்குத் தெரியாதா என்ன.

இப்போது சிலேட்டு விஷயத்துக்கு வருகிறேன். அதுதான் ஆரம்பம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் போர்டிலிருந்து கணக்கெடுக்க வந்தார்கள். புது வீடு யார் யாருக்கு என்று முடிவு செய்ய. அதில் ஒரு வழக்கம் உண்டு. குடும்பமே அவரவர் கதவுக்கு முன்னால் வரிசையாக நிற்க வேண்டும். குடும்பத் தலைவர் சிலேட்டில் பெயரும் நம்பரும் எழுதி மார்புக்கு நேரே பிடிக்க வேண்டும். படம் எடுப்பார்கள், டோக்கன் கொடுப்பார்கள். டோக்கன் இருந்தால் வீடு. எங்கள் ஜனங்களுக்கு இது எப்படிப் பழகிவிட்டது என்றால், பின்னால் இந்த சுபத்ரா முதல் தடவை கேமராவோடு வந்தபோது, யாரும் சொல்லாமலே பாதிப் பேர் பிள்ளைகளோடும் சிலேட்டோடும் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். அந்தப் பெண் பயந்துபோய்விட்டாள்.

நான் நிற்கவில்லை. சிலேட்டை மார்பில் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறவன் யார்? போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிறவன். என் புருஷன் என்னை விட்டுவிட்டு ஆவடிப் பக்கம் ஒருத்தியோடு போனான், அப்போதுகூட நான் யார் முன்னாலும் அப்படி நின்றதில்லை. முதல் தடவை அவர்கள் வந்தபோது கதவைப் பூட்டிக்கொண்டு சேலை கொடுக்கப் போய்விட்டேன். இரண்டாம் தடவை தப்பிக்க வழியில்லை, உள்ளே தாழ் போட்டுக்கொண்டு மெஷினைக்கூட ஓட்டாமல் உட்கார்ந்திருந்தேன். பிலோமினா வந்து தட்டினாள். “அம்சா, ரெண்டே நிமிசம். சிலேட்டுல நான் எழுதித் தரேன், நீ சும்மா வந்து நில்லு.” நான் மூச்சுக்கூட விடவில்லை. ‘பூட்டியிருந்தது’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

நீங்களே சொல்லுங்கள், உள்ளே ஆள் இருக்கிறாளா இல்லையா என்று பார்க்காமல் எழுதலாமா? அவ்வளவு அலட்சியம்.

போகட்டும். போன மார்கழியில்தான் சுபத்ரா வந்தாள். தற்காலிக வீடுகளில் இருக்கிறவர்களைப் படம் எடுக்கிறாளாம். ஒரு மாதம் எங்களோடேயே சுற்றினாள். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் எந்த வீட்டுக்குள்ளும் நுழைவாள், நல்ல பெண். ஒரு நாள் என் கதவைத் தட்டி உள்ளே வந்தாள். அட்டைப்பெட்டிகளைப் பார்த்ததும் அவள் கண் அப்படியே விரிந்தது. நாலு வருஷமாகப் பிரிக்கவே இல்லையா என்று இரண்டு தடவை கேட்டாள். இந்தப் பெட்டிகளுக்கு நடுவில், மெஷினுக்கு முன்னால், இப்படியே உட்காருங்கள், ஒன்றையும் நகர்த்த வேண்டாம், கதவைத் திறந்தே வையுங்கள், நம்பரும் தெரியட்டும் என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உங்கள் வீட்டைப் பெருக்காத நாளில் ஒருத்தி வந்து, இதுதான் நன்றாக இருக்கிறது, இதையே எடுக்கிறேன் என்றால் நீங்கள் விடுவீர்களா? நான் சொன்னேன், இது வீடு இல்லைம்மா, சாமான் போட்டு வைக்கிற இடம், என் வீடு அந்தப் பக்கம், நாற்பத்தேழு. ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான். சொன்ன பிறகு திருப்பி வாங்க முடியுமா? நேரே போய் பிலோமினாவிடம், உன் வாசல் அரை மணி நேரம் வேண்டும் என்றேன். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டைல்சைத் தேய்த்துக் கழுவினாள், கொடியில் தொங்கிய துணியை அள்ளினாள், பிள்ளைகளைப் பக்கத்து செட்டுக்கு விரட்டினாள்.

மெரூன் பட்டு எனக்குப் பாந்தமாக இருக்கிறது இல்லையா? சேலை யாருடையது என்று கேட்காதீர்கள். ஃபால்ஸ் அடிக்க வந்தது. ஃபால்ஸ் சரியாக விழுகிறதா என்று கட்டிப் பார்த்தால்தானே தெரியும்? சேலைக்காரி பின்னால் பேப்பரில் பார்த்துவிட்டு வந்து கத்தினாள், அது தனிக் கதை.

வெயில் ஒரு பக்கமாக விழுந்தது. முகம் இருட்டாக வருகிறது, எதிரே யாராவது ஒரு வெள்ளைப் பலகையைப் பிடித்தால் வெளிச்சம் திரும்பி முகத்தில் அடிக்கும் என்றாள் சுபத்ரா. பிலோமினா எங்கிருந்தோ ஒரு தெர்மாகோல் அட்டையைக் கொண்டுவந்து தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். அரை மணி இல்லை, முழுசாக ஒரு மணி நேரம். இடது ஓரத்தில் பாருங்கள், வெள்ளையாக ஒரு மூலையும் நாலு விரலும் தெரிகிறதே, அவள்தான். என் படத்திலும் விரலை நீட்டிவிட்டாள்.

எடுத்து முடித்ததும் சுபத்ரா சின்ன நோட்டில் குறித்துக்கொண்டாள். இதுதானே உங்கள் வீடு என்று இன்னொரு தடவை கேட்டாள். ஆமாம் என்றேன். பிலோமினா அட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழத்தான் செய்தது. உள்ளே போய் மூன்று பேருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

டீ குடிக்கும்போது அந்தப் பெண்ணிடம், உனக்கு வீடு எங்கே என்று கேட்டேன். “இப்போதைக்கு ஒரு ரூம்ல இருக்கேம்மா. இந்த ஊர்ல இது ஒன்பதாவது ரூம்” என்றாள். எனக்கு மனசு கஷ்டமாகப் போய்விட்டது. சொந்தமாக ஒரு இடம் இல்லாதவள் ஊரார் வீட்டையெல்லாம் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். சிலருக்கு அப்படி ஒரு ஜாதகம்.

படம் பேப்பரில் வந்தது. அப்போது எங்கள் செட்டில் எனக்கு இருந்த மரியாதையைச் சொல்லி மாளாது. கத்தரித்து, மெஷின் டிராயரில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு மூன்றாவது வாரம் போர்டில் பட்டியல் ஒட்டினார்கள். நாற்பத்தேழு இருக்கிறது. முப்பதுக்கு அப்புறம் முப்பத்திரண்டு. முப்பத்தொன்று எங்கே என்று கேட்டால், அது காலியாக இருக்கிற செட்டு என்கிறார்கள்.

நான் பயப்படவில்லை. பொய் சொல்லக் கூடாது, பயந்தேன், இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அப்புறம்தான் பேப்பர் ஞாபகம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். இங்கேதான் நாலு வருஷமாக இருக்கிறேன், பாருங்கள், பேப்பரிலேயே போட்டிருக்கிறார்கள் என்று மேஜை மேல் விரித்தேன். அந்த அதிகாரி சின்ன வயசு, பொறுமையானவர். அக்கம்பக்கத்தார் சொல்கிற சாட்சி செல்லாது, ஆளுக்குப் பத்துப் பேரைக் கூட்டி வருகிறார்கள், அச்சில் ஏதாவது இருந்தால் பார்க்கலாம் என்று அவரே முன்னால் சொல்லியிருந்தார். அச்சில் கொடுத்தால் வாய்விட்டுப் படிக்கிறார். நாற்பத்தேழாம் எண் தகர வீட்டில் குடியிருப்பவர். படித்துவிட்டு நிமிர்ந்து, “நாப்பத்தேழு பிலோமினா பேர்ல இருக்கே. அவங்க உங்களுக்கு உள்வாடகை விட்டிருக்காங்களா?” என்றார்.

உள்வாடகை விட்டால் அவர்களுக்கு வீடு கிடையாது, அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் பேசாமல் நின்றதை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். மறுநாள் பிலோமினாவையும் அழைத்து வரச் சொன்னார்.

போகிற வழியெல்லாம் நான் அவளிடம் சொல்லிக்கொண்டு போனேன். உள்ளதைச் சொல்லிவிடு, இவள் முப்பத்தொன்று, படத்துக்காக என் வாசலில் நின்றாள் என்று சொல்லு என்றேன். அவள், சரி சரி, பஸ் ஏறு என்றாள். மேஜைக்கு முன்னால் நின்றோம். அதிகாரி பேப்பரைக் காட்டி, இவர்கள் உங்களுக்கு யார் என்று கேட்டார். அவள் முதலில் அவரைத்தான் ஒரு கேள்வி கேட்டாள். “சார், இவங்க வேற நம்பர்ல இருந்தாங்கன்னு நான் சொன்னா ஒத்துப்பீங்களா?” முடியாதும்மா, அங்கே பூட்டு என்று பதிவாகியிருக்கிறது, இவர்களுக்கு எங்கேயும் பதிவே இல்லை என்றார் அவர். அவள் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் சொல்கிறாள்:

“எங்க அக்கா சார். எங்ககூடத்தான் இருக்கு.”

அக்கா. கேட்டுக்கொண்டீர்களா? கூசாமல், ஆபீசில் நின்றுகொண்டு, அக்கா. அதிகாரி எங்கள் இரண்டு பேர் கார்டையும் பார்த்தார். இவர்கள் அம்சவேணி, நீங்கள் பிலோமினா, எப்படி அக்கா தங்கை என்றார். அவளுக்குத்தான் எதற்கும் பதில் இருக்குமே. “அவங்கப்பா கோயிலுக்குப் போறவர், எங்கப்பா சர்ச்சுக்குப் போறவர். அம்மா ஒண்ணு சார்.”

எங்கம்மா போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆகிறது, அவள் இதைக் கேட்டிருந்தால் எழுந்து வந்திருப்பாள். அந்த அதிகாரி சிரிப்பை அடக்கினாரா, இருமினாரா தெரியவில்லை. குனிந்து நாற்பத்தேழாம் நம்பர் குடும்பத்தில் ஐந்தாவதாக என் பெயரை எழுதிவிட்டார். முப்பத்தொன்று காலி. திங்கட்கிழமை பூட்டுப் போடுகிறார்கள்.

இப்படி ஒரு அநியாயம் உண்டா? எனக்கென்று என் பெயரில் வரவேண்டிய வீடு. ஹால், ஒரு ரூம், சமையலறை, உள்ளேயே கக்கூஸ். இப்போது இன்னொருத்தி குடும்பத்தில் ஐந்தாவது வரி. அவள் எதற்குச் சொன்னாள் என்று நினைக்கிறீர்கள்? இலவசமாக ஃபால்ஸ் அடிக்க வீட்டோடு ஒரு ஆள். வேறென்ன.

ஆபீஸ் வாசலில் மனு அடிக்கிற டைப்பிஸ்ட் ஒருவர் இருக்கிறார். மேலதிகாரிக்கு அப்பீல் போடலாம், வெள்ளிக்கிழமை கடைசி, படம் எடுத்த பெண்ணே இவர்கள் முப்பத்தொன்றில்தான் இருந்தார்கள், பெட்டிகளை நான் பார்த்தேன் என்று எழுதிக் கொடுத்தால் பிடி இருக்கிறது என்றார். இன்னொன்றும் சொன்னார். அப்படிக் கொடுத்தால் அந்த அம்மா சொன்னது பொய் என்று ஆகிவிடும், அவர்களுக்கு வருகிற வீட்டையும் போர்டில் நிறுத்தி வைப்பார்கள், தெரிந்துகொண்டு செய்யுங்கள் என்றார். நான் என்ன செய்ய முடியும்? நானா அவளைப் பொய் சொல்லச் சொன்னேன்?

காலையில் கிளம்பும்போது அவளிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ஒளிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. கடுதாசி வாங்கப் போகிறேன், வாங்கினால் உனக்கு என்ன ஆகும் தெரியுமா என்றும் சொன்னேன். அவள் அடுப்பில் ஏதோ கிளறிக்கொண்டிருந்தாள். அடுப்பைத் தணித்தாள். அப்புறம், “உன் வீட்டை நீ கேக்கிற, அதுல தப்பு என்ன இருக்குது. வெயில் ஏறதுக்கு முன்னாடி போ” என்றாள். ஒரு டப்பாவில் எலுமிச்சம் சோறு கட்டிக் கொடுத்தாள். அதிலும் உப்பு.

அந்தோணிக்கு இந்தக் கடுதாசி விஷயம் எதுவும் தெரியாது. அவன் போன ஞாயிற்றுக்கிழமை புது பிளாக்கைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். டேப் வைத்து அளந்து, ஹாலில் ஜன்னலுக்குக் கீழே சாக்பீசால் ஒரு சதுரம் போட்டுவிட்டு வந்திருக்கிறான். என்ன அது என்று கேட்டால், என் மெஷினுக்காம். வெளிச்சம் நன்றாக வருமாம், கண்ணுக்கு நல்லதாம். ஜன்னலுக்குக் கீழே வைத்தால் சாரல் அடிக்காதா? மோட்டார் என்ன ஆகும்? என்னை ஒரு வார்த்தை கேட்கிறதில்லை. நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன், கதவுப் பக்கச் சுவர் ஓரமாக வை, பிளக்கும் அங்கேதான் இருக்கிறது என்று. மறுபடி போய் அழித்துவிட்டுப் போட்டுவிட்டு வந்தானா என்று தெரியவில்லை. இதையெல்லாம் நான்தான் பின்னாலேயே நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

அதோ, வந்துவிட்டாள். ஜோல்னாப்பை மாட்டிக்கொண்டு வருகிறாளே, அவள்தான். போகாதீர்கள் அம்மா, இருங்கள், நீங்கள் இருந்தால் எனக்கும் ஒரு தைரியம்.

வாம்மா சுபத்ரா. உட்காரு. போனில் சொன்னேனே, அதுதான். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பாருங்கள் அம்மா, எப்படி முகம் வாடிப்போகிறது. என் படத்தால் இப்படி ஆகிவிட்டதே, என்ன வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன் என்கிறாள். பேப்பரை எடுத்துவிட்டாள், பேனாவை எடுத்துவிட்டாள். “முப்பத்தொண்ணுன்னு எழுதவாம்மா?”

இரு, அவசரப்படாதே.

முப்பத்தொன்று என்று எழுதினால் எனக்குத் தனி வீடு. கிடைத்தால். எந்த மாடியில் கொடுப்பார்களோ. ஏழாவது எட்டாவது என்றால் லிஃப்ட் நின்றுபோன நாளில் நான் என்ன செய்வேன்? உள்ளே தாழ் போட்டுக்கொண்டு படுத்தால், இருக்கிறாளா இல்லையா என்று யார் வந்து தட்டுவார்கள்? அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அவள் சொன்ன பொய் இருக்கிறது. பிள்ளைகள் இரண்டும் பரீட்சைக்குப் படிக்கிற நேரம். சொன்னவள் அவள், ஆனால் படம் என்னுடையது. ஒரு பொய்யைச் சொன்னால் ஒழுங்காகச் சொல்ல வேண்டும், பின்னால் யாராவது வந்து கேட்டால் காட்டுவதற்கு ஒரு தாள் வேண்டாமா? அதற்கெல்லாம் அவளுக்குத் தலை கிடையாது. நான்தான் யோசிக்க வேண்டும்.

எழுதிக்கொள். ‘அம்சவேணி நாற்பத்தேழாம் நம்பரில் பிலோமினா குடும்பத்தோடுதான் குடியிருக்கிறார். நான் ஒரு மாதம் அங்கே போய்வந்து என் கண்ணால் பார்த்தேன்.’ கையெழுத்துப் போடு. தேதியும் போடு. என்ன அப்படிப் பார்க்கிறாய்? எனக்காக இல்லை. பாவம், பிள்ளை குட்டிக்காரி.

அம்மா, நீங்கள் படித்தவர்கள், நீங்கள் கேளுங்கள். இன்னொரு வரியும் அவள் சேர்க்க வேண்டும், அதுதான் எனக்கு முக்கியம். ஆபீசில் என்னை அக்கா என்று எழுதிவிட்டார்கள். பிலோமினா என்னைவிட இரண்டு வயது மூத்தவள், கார்டில் பிறந்த வருஷம் இருக்கிறது, அந்த அதிகாரி பார்த்துவிட்டும் விட்டுவிட்டார். தங்கை என்று திருத்த வேண்டும். நாளைக்கே போய் நானே நின்று திருத்தி வாங்குகிறேன். புது வீட்டில் காலத்துக்கும் அந்தப் பதிவுதானே நிற்கும். இந்தப் படத்தைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள் அம்மா, நானா அக்கா?